0.5 மி.மீ. கட்டர் ஒடிஞ்சுக்கிட்டே இருக்கு: பித்தளைக் கடிகாரச் சக்கரம், 3018 மிஷின்

பல்லுபோனவன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா காலத்துச் சுவர்க் கடிகாரம் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. உள்ளே ஒரு சக்கரத்துல மூணு பல் அடியோட போயிடுச்சு. புதுசா வெட்டிடலாம்னு இறங்கினேன்.

விவரம்: 64 பல். வெளிவிட்டம் 33.3 மி.மீ. தடிமன் 1.5. இதோட கடிபடுற சின்னச் சக்கரத்துக்கு 8 பல். மாட்யூல் (பல்லோட பருமனைச் சொல்ற எண்) 0.5ன்னு எடுத்துக்கிட்டு, கியர் வரையுற மென்பொருள்ல அழுத்தக் கோணம் 20 டிகிரி போட்டு வரைஞ்சேன்.

மிஷின் 3018, கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டுற சின்ன மேசை சிஎன்சி. கூடவே வந்த ஸ்பிண்டில் (கட்டரைச் சுத்துற மோட்டார்), நிமிஷத்துக்கு 10,000 சுத்துன்னு எழுதியிருக்கு. கட்டரைக் கவ்விப் பிடிக்க ஈஆர்11 காலெட். ரெண்டு பல் வச்ச 0.5 கார்பைடு கட்டர். ஃபீட் (கட்டர் நகர்ற வேகம்) நிமிஷத்துக்கு 300 மி.மீ., ஒரு பாஸுக்கு ஆழம் 0.2. தகட்டை மாஸ்கிங் டேப், சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியிருக்கேன்.

இதுவரைக்கும் நாலு கட்டர் போச்சு. முதல் கட்டர் 11-வது பல்லுல, ரெண்டாவது 3-வது பல்லுல, மூணாவது 20 தாண்டினதும், நாலாவது தகட்டைத் தொட்ட உடனே. ஒரு ஒழுங்கே இல்ல. பித்தளை வெண்ணெய் மாதிரி வெட்டும்னு எல்லாரும் சொல்றீங்களே, அது எந்த வெண்ணெய்?

---

சுழல்வேகம்

காரணம் கணக்குலயே இருக்கு நண்பா. கார்பைடு கட்டர்ல பித்தளை வெட்ட, கட்டர் விளிம்பு நிமிஷத்துக்கு 100 மீட்டராவது ஓடணும். 0.5 விட்டத்துக்கு அது 63,000 சுத்துக்கு மேல வருது. உங்ககிட்ட இருக்குறது 10,000. அதாவது விளிம்பு வேகம் 15.7 மீட்டர்தான். ஸ்பிண்டிலை மாத்தாம இது நடக்காது.

---

அரைமில்லி

> ஸ்பிண்டிலை மாத்தாம இது நடக்காது

இதை ஒத்துக்க மாட்டேன். அந்த 100 மீட்டர் தொழிற்சாலைக்கான கணக்கு, மணிக்கு எத்தனை உருப்படி தள்ளலாம்னு பார்க்கிறவங்களுக்கு. அதுக்கு மேல போனா கட்டர் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். கீழே போனா பித்தளை ஒண்ணும் கோவிச்சுக்காது. கடிகாரக்காரங்க கையால சுத்துற சின்ன லேத்துல பித்தளை சீவியிருக்காங்க. இரும்புல, அலுமினியத்துல வேகம் குறைஞ்சா கட்டர் முனையில உலோகம் ஒட்டும். ஈயம் கலந்த பித்தளைல அந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது.

பார்க்க வேண்டியது கட்டரோட ஒரு பல் ஒரு சுத்துல எவ்வளவு கடிக்குதுங்கிறதைத்தான். 300-ஐ 10,000-ஆல வகுத்து, திரும்ப 2-ஆல வகுத்தா 0.015 மி.மீ. கட்டர் விட்டத்துல அது 3 சதவீதம். இவ்வளவு மெல்லிசான கட்டருக்கு 1 சதவீதத்துல ஆரம்பிக்கிறது நல்லது. அதனால ஃபீட் 100, ஆழம் 0.1-க்குக் கீழே.

ஆனா இது மட்டுமே காரணம்னு எனக்குத் தோணலை. ஃபீட் அதிகம்னா நாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒடிஞ்சிருக்கும். ஒண்ணு தொட்ட உடனே போயிருக்கு, ஒண்ணு 20 பல் தாண்டியிருக்கு. வேற ஏதோ ஆடுது.

---

லேத்துக்காரர்

தம்பி, ஒண்ணு கேக்குறேன். வெட்டும்போது சீவல் எப்படி வருது? பொடிப்பொடியா ஊசி மாதிரி தெறிக்குதா, இல்ல சுருண்டு சுருண்டு கட்டர்ல சுத்திக்குதா?

---

பல்லுபோனவன்

ஐயா, சுருண்டுதான் வருது. 2 மி.மீ. கட்டர்ல வெளிவட்டம் வெட்டும்போது நல்லாத் தெரிஞ்சுது, சின்ன ஸ்பிரிங் மாதிரி. வெட்டின ஓரத்துல பிசிறும் நிறைய, விரலைக் கிழிக்குது.

---

லேத்துக்காரர்

அப்ப அது வெட்டுற பித்தளை இல்ல தம்பி, வளைக்கிற பித்தளை.

மஞ்சளா இருந்தா எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுக்கிறோம். லேத்துல ஓட்டுற கம்பி சி360ன்னு சொல்லுவாங்க, சில இடத்துல அதுக்குக் கிட்டத்தட்டச் சமமா சிஇசட்121ன்னு கிடைக்கும். சி360-ல செம்பு 61 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல, ஈயம் 3 சதவீதம், மீதி துத்தநாகம். ஈயம் செம்போட கரையாம சின்னச் சின்னப் பொட்டா உள்ளே நிக்கும். கட்டர் அந்தப் பொட்டைத் தொட்ட இடத்துல சீவல் ஒடியும். அதான் பொடியாத் தெறிக்குது. எந்த உலோகம் எவ்வளவு சுலபமா வெட்டும்னு அட்டவணை போடுறப்ப இந்தப் பித்தளையைத்தான் 100ன்னு வச்சு மத்ததை அளக்கிறாங்க.

தகடா விக்கிறது பெரும்பாலும் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம், இல்லேன்னா 63-37. அதுல ஈயம் கிடையாது. தட்டி, இழுத்து, குழிச்சுப் பாத்திரம் பண்றதுக்கானது. தோட்டாக் குப்பியும் அந்த 70-30 தான். அதே அட்டவணைல அதுக்கு 30 மார்க்குதான். நீ 30 மார்க் பித்தளையை வாங்கிட்டு 100 மார்க் பித்தளைக்குச் சொன்ன கதையைக் கேட்டிருக்க.

எழுத்து வெட்டுறதுக்கும் கடிகாரத்துக்கும்னு தனியாத் தகடு வரும். செம்பு 59, ஈயம் 2 சதவீதம். சிஇசட்120ன்னு கேளு. கிடைக்கலேன்னா 35 மி.மீ. உருண்டைக் கம்பியில வில்லை அறுத்து எடுத்துக்க. அறுக்கறதுக்குக் கை நோகும், ஆனா அப்புறம் அழ வேண்டாம்.

---

புதுமிஷின்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். ஈயம்னா விஷம் இல்லையா? வீட்டுக்குள்ள வெட்டலாமா?

---

லேத்துக்காரர்

வாயில போகக் கூடாது, அதுதான் முக்கியம். வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவு. அந்த மேசையில சாப்பாடு, டம்ளர் எதுவும் வைக்காத. குழந்தைங்க தவழ்ற ரூம்ல மிஷின் வேண்டாம். ஈயத்தை விட உடனடி வம்பு ஊசிச் சீவல்தான். கண்ணாடி போடாம குனியவே குனியாத. வெறுங்காலோட நடக்காத. காத்தடிச்சுச் சுத்தம் பண்ணவும் கூடாது. உறிஞ்சி எடு, இல்லேன்னா பிரஷ்.

---

நுனிக்கட்டர்

அதோட இன்னொண்ணு. 3018-ல கன்ட்ரோல் போர்டு திறந்தபடி பின்னாடி தொங்கும். பித்தளைச் சீவல் மின்சாரம் கடத்தும். என் முதல் போர்டு அப்படித்தான் புகை விட்டுச்சு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவுத்து மூடி வைங்க, ஆனா காத்துப் போக வழி விடுங்க.

---

அரைமில்லி

பல்லுபோனவன், தகடு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒடியறதுக்கு முன்னாடி வெட்டின பள்ளத்தோட அகலம் எவ்வளவு? 0.5 கட்டர் ஒரே கோட்டுல போன இடமாப் பார்த்து அளங்க. கேலிப்பர் உள்ளே நுழையாது. சின்ன டிரில் பிட்டோட வழவழப்பான தண்டை நுழைச்சுப் பாருங்க.

---

பல்லுபோனவன்

இது நல்ல யோசனையா இருக்கே. தகட்டோட ஓரத்துல சோதனைக்கு ஒரு நேர்கோடு வெட்டி வச்சிருந்தேன். 0.5 பிட் லொடலொடன்னு ஆடுது. 0.55 தாராளமாப் போகுது. 0.6 போகல.

---

அரைமில்லி

பிடிச்சாச்சு. 0.5 கட்டர் 0.55-க்கு மேல பள்ளம் போடுதுன்னா அது தன் இடத்துல சுத்தல, கோணலாச் சுத்துது.

கோணல் 0.06ன்னு வைங்க. ஒரு பல் 0.03 வெளியே தள்ளி நிக்கும், எதிர்ப்பல் 0.03 உள்ளே போயிடும். நீங்க ஒரு பல்லுக்குக் கொடுக்கிற கடி 0.015 தான். உள்ளே போன பல் உலோகத்தைத் தொடவே தொடாது. வெளியே நிக்கிற ஒத்தப் பல் ரெண்டு பல்லோட வேலையையும் பார்க்குது. 3 மி.மீ. கட்டரா இருந்தா இது ஒரு பொருட்டே இல்ல, பொறுத்துக்கும். 0.5 எப்படிப் பொறுக்கும்?

டயல் கேஜ் (சின்ன அசைவை அளக்கிற முள் வச்ச கருவி) இருக்கா? கரெண்டை எடுத்துட்டு, கட்டரோட தடிமனான தண்டுல முள்ளை வச்சு, ஸ்பிண்டிலைக் கையால ஒரு சுத்து மெதுவாச் சுத்துங்க. அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லுங்க. காலெட் என்ன அளவுன்னும் பார்த்துச் சொல்லுங்க.

---

பல்லுபோனவன்

டயல் கேஜ் கடன் வாங்கிட்டு வந்தேன். 0.06. நீங்க எழுதின அதே எண், எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

காலெட்ல 4ன்னு போட்டிருக்கு. கட்டர் தண்டு 3.175. இறுக்கினா பிடிக்குதே, அது தப்பா?

---

நுனிக்கட்டர்

தப்புதான். ஈஆர்11 காலெட் எழுதியிருக்கிற அளவுலேர்ந்து அரை மில்லி வரைக்கும்தான் சுருங்கலாம். 4ன்னா 4-லிருந்து 3.5 வரை. அதுக்குக் கீழே இறுக்கினா இதழ்கள் இணையா மூடாம வாய்ப் பக்கம் மட்டும் கவ்வும். பின்பக்கம் ஆடிக்கிட்டே இருக்கும். பிடிச்ச மாதிரிதான் தெரியும், நிஜமாப் பிடிச்சிருக்காது. சில நேரம் கட்டர் கீழே நழுவியும் வரும். தொட்ட உடனே ஒடிஞ்சுதே உங்க நாலாவது கட்டர், அது நழுவி ஆழமா இறங்கியிருக்கும்னு பந்தயம் கட்டுவேன்.

3.175ன்னே காலெட் வருது, அதை வாங்குங்க. இன்னொண்ணு, காலெட்டை முதல்ல நட்டுக்குள்ள கொஞ்சம் சாய்ச்சு, டக்குன்னு சத்தம் வர்ற வரை அமுக்கி மாட்டணும். அப்புறம்தான் ஸ்பிண்டில்ல திருகணும். ஸ்பிண்டில் வாய்க்குள்ள காலெட்டைப் போட்டுட்டு மேலே நட்டைத் திருகினா கோணல் நிச்சயம். மாட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் துணியால துடைக்கணும். ஒத்தச் சீவல் உள்ளே மாட்டினாலே ஜாதகம் மாறிடும்.

---

பல்லுபோனவன்

நீங்க ரெண்டாவதாச் சொன்ன தப்பான மாதிரிதான் இத்தனை நாளா மாட்டிக்கிட்டு இருந்தேன்.

---

கடிகாரக்கிறுக்கி

இழையை மேலேர்ந்து படிச்சுட்டு வந்தேன். எல்லாரும் மிஷினைப் பிரிச்சு மேயறீங்க, வரைபடத்தை யாரும் பார்க்கலையே!

தம்பி 20 டிகிரி இன்வால்யூட் பல், அதாவது சாதாரண மிஷின் கியர்ல வர்ற வளைவு, வரைஞ்சிருக்கார். பழைய சுவர்க் கடிகாரத்துச் சக்கரம் அப்படி இருக்காது. அது சைக்ளாய்டுங்கிற வேற வளைவு. இன்வால்யூட்ல பல்லோட அடி அகன்று போகும், அதனால ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கிற பள்ளம் அடியில குறுகும். கடிகாரச் சக்கரத்துல பல்லோட கீழ்ப்பாதி ஓரங்கள் மையத்தைப் பார்த்து நேர்க்கோடா இறங்கும். பள்ளம் கிட்டத்தட்ட ஒரே அகலத்துல அடிவரைக்கும் போகும். பழைய சக்கரத்துல மிஞ்சியிருக்கிற பல்லை லென்ஸ் வச்சுப் பாருங்க. மேலே வளைவு, கீழே நேர்.

வெளிவிட்டமே சொல்லுது பாருங்க. கடிகாரச் சக்கரம் வெட்டுறதுக்கு வழக்கமான கணக்கு, பல் எண்ணிக்கையோட 2.76 கூட்டி மாட்யூலால பெருக்கணும். 66.76 பெருக்கல் 0.5, அதாவது 33.38. நீங்க அளந்தது 33.3, தேய்மானம் போகச் சரியா உட்காருது. இன்வால்யூட்டா இருந்தா 64-ஓட 2 கூட்டி 33 தான் வரும். பழைய சக்கரம் அதைவிடப் பெருசு. அந்த மிச்ச உயரத்துலதான் கடிகாரப் பல் வேலையே பார்க்குது.

இதுல உங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. பள்ளத்தோட அகலம், பல் கடிபடுற நடுவட்டத்துல 0.785. பல்லோட அடி அதுலேர்ந்து 1.57 மாட்யூல், அதாவது 0.785 கீழே இருக்கு. நேர்க்கோட்டு ஓரமா இறங்கினா அங்கே அகலம் 0.75 பக்கம் இருக்கும். அப்புறம் எதுக்கு 0.5 கட்டரை வச்சுக்கிட்டு உயிரை விடுறீங்க? 0.6 போதும்.

---

அரைமில்லி

அக்கா, இதை நான் பார்க்கவே இல்ல. அருமை.

0.1 தானே வித்தியாசம்னு யாரும் நினைச்சுடாதீங்க. கட்டரோட விறைப்பு விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும். 0.6-ஐ 0.5-ஆல வகுத்து நாலு தடவை பெருக்கினா 2.07. ரெண்டு மடங்கு விறைப்பு சும்மா கிடைக்குது. நீளம் பார்த்து வாங்குங்க. வெட்டுற பாகம் 2 மி.மீ. இருந்தாப் போதும், 1.5 தகட்டையும் தாண்டி அடிப்பலகையைத் தொடும். பின்னாடி தேவைப்படும்னு 4 மி.மீ. நீளத்தை வாங்கிடாதீங்க. நீளம் இரட்டிச்சா வளைவு எட்டு மடங்கு.

---

சுழல்வேகம்

சரி, ஸ்பிண்டில் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா அந்த 10,000-ங்கிறது மோட்டார் மேல எழுதின எண்தான். சுமை ஏறினா இறங்கும். அந்தச் சாதாரண மோட்டார்ல வேகத்தைப் பார்த்துத் திருத்திக்கிற ஏற்பாடு எதுவும் கிடையாது. ஃபீட் கணக்குப் போடும்போது 8,000ன்னு போட்டுக்கிறது நல்லது.

---

நுனிக்கட்டர்

புது 0.6 வாங்கும்போது கோட்டிங் இல்லாததா வாங்குங்க. இரும்புக்குன்னு வர்ற கருநீலக் கோட்டிங் விளிம்பைக் கொஞ்சம் மழுங்கடிக்கும். இவ்வளவு சின்னக் கடிக்கு மழுங்கின விளிம்பு வெட்டாது, உரசும். பித்தளைக்குன்னு தனி டப்பா வச்சுக்கங்க. ஒரு தடவை இரும்பு வெட்டின கட்டரை இதுக்கு எடுக்காதீங்க.

எண்ணெய் வேணுமான்னு கேட்பீங்க. ஈயப் பித்தளைக்கு வேண்டாம். உங்க 70-30 தகட்டுல சோதனை பண்றதுன்னா டபிள்யூடி-40 ரெண்டு சொட்டு உதவும். கந்தகம் கலந்த கட்டிங் ஆயில் மட்டும் பக்கத்துலயே வராம பார்த்துக்கங்க, பித்தளை கறுத்துப் போகும்.

---

லேத்துக்காரர்

தம்பி, எந்தப் பக்கமா வெட்டுற? கட்டர் சுத்துற திசைக்கு எதிரா ஓட்டுறியா, கூடவே ஓட்டுறியா?

---

பல்லுபோனவன்

மென்பொருள்ல 'கிளைம்ப்'னு, அதாவது கூடவே ஓட்டுற மாதிரி, இருந்ததை அப்படியே விட்டுட்டேன் ஐயா.

---

லேத்துக்காரர்

மாத்து. ஸ்க்ரூவுல ஆட்டம் உள்ள மிஷின்ல கூடவே ஓட்டினா கட்டர் ஜாப்பை, அதான் வெட்டுற பொருளை, தன் பக்கம் இழுக்கும். ஆட்டம் எவ்வளவோ அவ்வளவு ஒரே கடியில உள்ளே வந்துடும். பித்தளை இப்படிக் கவ்வி இழுக்கிறதுல பேர் போனது. சாதாரண டிரில் பிட் போட்டுப் பித்தளைத் தகட்டைத் துளைச்சவனுக்குத் தெரியும், மறுபக்கம் வெளியே வர்ற நேரத்துல தகட்டையே தூக்கிச் சுத்தும். அதுக்குத்தான் பிட்டோட வெட்டு விளிம்புல கல்லால ரெண்டு இழு இழுத்து, சின்னதா ஒரு தட்டை வைப்போம். கூர் போன மாதிரி இருக்கும், ஆனா கவ்வாது, சீவும்.

---

அரைமில்லி

ஐயா, டிரில் விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. 0.6 கட்டருக்கு அது பொருந்தாதுன்னு நினைக்கிறேன். 0.006 கடிக்கு வர்ற விசை ரொம்பக் கம்மி. அந்த விசை ஒரு மேசையை, அதோட நட்டு, தண்டு உராய்வை எல்லாம் மீறி இழுக்குமா? இந்த அளவுல கூடவே ஓட்டினா பிசிறு குறைவா வருதுங்கிறது என் அனுபவம்.

---

லேத்துக்காரர்

உன் மிஷின்ல ஆட்டம் இல்லாம இருக்கலாம். அவன் மிஷின்ல எவ்வளவுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அளக்காம இழுக்காதுன்னு எப்படிச் சொல்ற?

---

அரைமில்லி

அளக்கணும்கிறதை ஒத்துக்கிறேன். பல்லுபோனவன், அந்த டயல் கேஜைத் திருப்பிக் கொடுத்துடலையே? மேசையில முள்ளை வச்சு, எக்ஸ் அச்சுல 1 மி.மீ. முன்னாடி போங்க, திரும்ப 1 மி.மீ. முன்னாடி. இப்ப கேஜைப் பூஜ்யமாக்கிட்டு ஒரு மில்லி முன்னாடி போய், ஒரு மில்லி பின்னாடி வாங்க. பூஜ்யத்துக்கு வராம எவ்வளவு மிச்சம் நிக்குதோ அதுதான் ஆட்டம். ஒய்லயும் இதே மாதிரி.

---

பல்லுபோனவன்

எக்ஸ் 0.02. ஒய் 0.09!

இப்பதான் இன்னொண்ணு புரியுது. ஒடியறதுக்கு முன்னாடி வெட்டின வெளிவட்டத்துல நாலு இடத்துல சின்னத் தட்டை மாதிரி தெரிஞ்சுது. கண்ணுக்குத்தான் அப்படித் தெரியுதுன்னு விட்டுட்டேன்.

---

நுனிக்கட்டர்

வட்டத்துல அச்சு திசை மாறுற இடம் நாலு. ஆட்டம் அங்கேதான் முகத்தைக் காட்டும். நீள்வட்டமா வந்திருந்தா ஒரு மில்லிக்கு இத்தனை ஸ்டெப்ங்கிற எண் தப்புன்னு அர்த்தம். 3018-ல திருகு ஒரு சுத்துக்கு 4 மி.மீ. நகரும். மோட்டார் ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், அதை 16-ஆப் பிரிச்சா 3,200, அதை 4-ஆல வகுத்தா ஒரு மில்லிக்கு 800. அந்த எண் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. மிஷினை ஓட்டுற மென்பொருளான ஜிஆர்பிஎல்ல ஆட்டத்தை ஈடுகட்டுற வசதி கிடையாது. கையாலதான் சரி பண்ணணும். மேசைக்கு அடியில ஒய் நட்டு ரெண்டாப் பிரிஞ்சு நடுவுல ஸ்பிரிங் இருக்கும். அதோட திருகைத் தளர்த்தி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் அமுக்கின நிலையில திரும்ப இறுக்குங்க. ரொம்ப அமுக்கினா மோட்டார் ஸ்டெப் விட்டுடும்.

---

கடிகாரக்கிறுக்கி

பிடிமானத்தைப் பத்தி யாரும் பேசலையே? டேப்பும் பசையும் பக்கவாட்டு விசைக்கு நல்லாத் தாங்கும், மேலே தூக்குற விசைக்குத் தாங்காது. சூடு ஏறினாலும் விட்டுடும். சக்கரத்துல பல் வெட்டி முடியற நேரத்துல சுத்தியிருக்கிற தகடும் பிரிஞ்சுடும், நடுவுல வில்லை மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும்.

நான் செய்யற வரிசை இதுதான். முதல்ல நடு ஓட்டை. டிரில் போடறதில்ல, 2 மி.மீ. கட்டரைச் சுருள் பாதையில இறக்கி வெட்டுவேன். அப்புறம் ஆரக்கால் இடைவெளிகள். இங்கே மிஷினை நிறுத்திடுவேன். நடு ஓட்டை வழியா அடிப்பலகைக்குள்ள வாஷர் வச்சு ஒரு ஸ்க்ரூ. அதுக்கு அப்புறம்தான் பல். ஸ்க்ரூ தலை கட்டர் போற வழியில இல்லையான்னு பார்த்துக்கங்க. நான் ஒரு தடவை பார்க்கல.

இன்னொரு விஷயம். உருட்டின தகட்டுல உள்ளே இறுக்கம் இருக்கும். ஆரக்கால் வெட்டின உடனே சில நேரம் லேசா வளையும். அதனாலதான் பல்லைக் கடைசியா வெட்டுறேன். வளையறது வளைஞ்சு முடியட்டும்.

---

பல்லுபோனவன் (9 நாள் கழிச்சு)

வந்துட்டேன். நடந்ததைச் சொல்றேன்.

3.175 காலெட் வந்துச்சு. நட்டுல டக்குன்னு மாட்டி, துடைச்சு, அளந்தேன், 0.015. ஒய் நட்டை மூணு தடவை இறுக்கித் தளர்த்தி 0.03-க்குக் கொண்டு வந்தேன். அதுக்கு மேல அமுக்கினா மோட்டார் முனகுது. கடிகாரத் தகடு கிடைக்கல. ஈயப் பித்தளைக் கம்பியில வில்லை அறுத்தேன். லேத்துக்காரர் ஐயா கை நோகும்னுதான் சொன்னார், தோளும் சேர்ந்து நோகும்னு சொல்லல. ரெண்டு பக்கமும் 3 மி.மீ. கட்டரால சீவி 1.5-க்குக் கொண்டு வந்தேன். முதல் தடவையா ஊசிச் சீவல் தெறிக்கிறதைப் பார்த்தேன். மழை பெய்யற சத்தம்!

கடிகாரக்கிறுக்கி அக்கா சொன்ன மாதிரி பல்லை சைக்ளாய்டா திரும்ப வரைஞ்சேன். 0.6 கட்டர், ஃபீட் 120, ஆழம் 0.1. எதிர்த்திசையில ஓட்டினேன். கடைசியா 0.02 விட்டுவச்சு, அதை மட்டும் கூடவே ஓட்டி எடுத்தேன். அரைமில்லி, லேத்துக்காரர் ரெண்டு பேரும் சண்டை போட வேண்டாம்னு இந்தச் சமாதானம். பல் வெட்ட 16 பாஸ், கடைசிச் சுத்தோட சேர்த்து முக்கால் மணிநேரம். முதல் பத்து நிமிஷம் கையை அவசர நிறுத்தப் பொத்தான் மேலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பயம் விட்டுப் போச்சு.

64 பல்லும் வந்துடுச்சு. கட்டர் முழுசா இருக்கு.

---

சுழல்வேகம்

பிரமாதம்! பிசிறு எப்படி?

---

பல்லுபோனவன்

மேல்பக்கம் நகத்தால தேய்ச்சாலே போயிடுற அளவு. அடிப்பக்கம் கொஞ்சம் இருந்துச்சு. கண்ணாடி மேல 600 நம்பர் தாளை வச்சு நாலு தடவை தேய்ச்சேன், போச்சு. மெருகு போட்டுச் சுத்தம் பண்ணணும். வீட்டுல அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் இருக்கு, அதைப் போடலாமா?

---

கடிகாரக்கிறுக்கி

வேண்டாம்! பழைய கடிகாரக்காரங்கள்ல சிலர் அமோனியாக் கரைசல்லதான் ஊற வைப்பாங்க, பளிச்சுன்னு வரும்கிறது உண்மை. ஆனா உள்ளே இறுக்கம் இருக்கிற பித்தளையை அமோனியா விரிசல் விட வைக்கும். மழைக்காலத்துல குதிரை லாயத்துல அடுக்கி வச்ச ராணுவத் தோட்டாக்கள் தானா விரிசல் விட்ட கதை கேள்விப்பட்டிருப்பீங்க. குதிரை மூத்திரத்துலேர்ந்து வர்ற அமோனியாதான் காரணம்னு 1921-ல விளக்கினாங்க. உங்க வில்லை கம்பியில அறுத்தது, உடனே ஒண்ணும் ஆகாது. இருந்தாலும் பல்லோட அடி மாதிரி மெல்லிசான இடத்துல எதுக்கு வம்பு?

சோப்புத் தண்ணி, மெல்லிசான பிரஷ், அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல ஒரு முக்கு. அவ்வளவு போதும். ஆல்கஹால் பக்கத்துல நெருப்பு வேண்டாம். அமிலத்துலயும் ரொம்ப நேரம் விடாதீங்க. துத்தநாகம் கரைஞ்சு மேல் தோல் செம்பு நிறத்துக்குப் போயிடும்.

---

புதுமிஷின்

கடிகாரம் ஓடுதா அண்ணா? அதைச் சொல்லவே இல்லையே.

---

பல்லுபோனவன்

ஓடுது. நேத்து ராத்திரியிலேர்ந்து நிக்கல. ஆனா முதல்ல மாட்டினப்ப ஒரு சுத்துக்கு ஒரு தடவை ஒரே இடத்துல தயங்கிச்சு. பார்த்தா ஒரு பல் மத்ததை விடக் கொஞ்சம் குண்டு. சக்கரத்தை மிஷின்ல இருந்த மாதிரி திருப்பி வச்சுப் பார்த்தேன், ஒய் திசை மாறுற இடத்துலதான் சரியா இருக்கு. மிச்சம் இருக்கிற 0.03 அங்கேதான் போயிருக்கு. ஊசி அரத்தால ரெண்டு பக்கமும் லேசா ஒரு இழு, தயக்கம் போச்சு.

---

லேத்துக்காரர்

அந்தப் பல் எதுன்னு ஆரக்கால்ல ஒரு புள்ளி குத்தி வை தம்பி. ஆறு மாசம் கழிச்சுத் திறந்து பாரு. அது மட்டும் மத்த பல்லை விடப் பளபளன்னு இருந்தா, இன்னும் ஒரு இழு பாக்கி இருக்கு.